எட்டாம் கூண்டு

செகெத் நகரில் திஸா ஏறிக்கொண்டிருந்த வாரம்.
எனக்கு எலிக்கூடத்தில் இரவுப் பணி.
எட்டாம் கூண்டுக்கு மட்டும் இரண்டு புட்டிகள்.
விடியுமுன் இரண்டும் காலி,
அடியில் மரத்தூள் சொதசொத.

குடித்ததையெல்லாம் விட்டுவிடும் பிறவி அது.
வாசோப்ரெசின் அதற்கு ஊறுவதில்லை.
ஒன்பதே அமினோ அமிலம் கோத்த சரடு,
இரு கை விரல்களில் ஒன்று குறைய.
அது இல்லாததால்
சிறுநீரகத்தின் காதில் போய்
போகவிடாதே, பிடித்து வை
என்று சொல்ல ஆளில்லை.

கரையில் தெஜோ மணல்மூட்டை அடுக்குகிறான்.
அவனுக்கு இட்ட கட்டளையும் அதுதான்.

முதல் இரவு தொலைபேசி அடித்ததும்
கையிலிருந்த சோதனைக்குழாய் நழுவி உடைந்தது.
"எதெல்கா, காய்ந்த காலுறை இருந்தால் கொடுத்தனுப்பு."
அவ்வளவுதான் சேதி.
அதற்குள் ஹைபோதலாமஸ் ஓலை அனுப்பி,
பிட்யூட்டரி முரசறைந்து,
சிறுநீரகத்தின் தலைமேல் குந்தியிருக்கும் அட்ரினல்
கார்டிசோலை அவிழ்த்துவிட்டிருந்தது.
ஒரு ஜோடிக் காலுறைக்கு
இத்தனை ஆர்ப்பாட்டம்.

அந்த ஓலையில் இரண்டு கையெழுத்து
என்பார் பேராசிரியர் ஹல்மோஷ், தாடியில் ரொட்டித்துகளோடு.
ஒன்று சிஆர்எச். உரத்த குரல்.
மற்றது நம் வாசோப்ரெசின்.
தனியே வந்தால் பிட்யூட்டரி
அரைக்கண் திறந்து பார்க்கும், அவ்வளவே.
சிஆர்எச்சோடு சேர்ந்து வந்தாலோ
ஒன்றும் ஒன்றும் இரண்டாவதில்லை,
ஐந்தோ ஆறோ ஆகிவிடும்.
தண்ணீரைக் காக்கிற அதே சரடு
அச்சத்தையும் சுமக்கிறது.
தண்ணீர் வேலைக்கு ரத்தத்தின் பெருவழி,
அச்சத்துக்கு
மூளைக்கடியில் மயிரிழை நாளங்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
அச்சமும் அப்படித்தான் என்று நம்பி
அமைந்திருக்க வேண்டும் இந்த உடம்பு.
அது குடிவந்து தங்கிவிட்டால்,
தினமும் குழலுக்குள் அடைபடும் எலிக்கு
ஆவது போலத்தான்:
சிஆர்எச்சுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.
வாசோப்ரெசின் முன்னே வந்து
அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறது.
வெளியே பார்த்தால்
எலி பழகிவிட்டது என்று எழுதத் தோன்றும்.
எழுதியிருக்கிறேன், பலமுறை, என் கைப்பட.

ஒன்பதாம் இரவு தொலைபேசி அடித்தது.
குழாய் நழுவவில்லை.
"மட்டம் நிற்கிறது, ஏறவுமில்லை இறங்கவுமில்லை."
சரி என்றேன். வைத்துவிட்டேன்.
பழகிவிட்டேன் என்று நினைத்தேன்.
தாழ்வாரத்தில் யாரோ
ஒரு தகர மூடியைத் தவறவிட்டார்கள்.
பார்த்தால் நான் மேசைக்கடியில்,
முழங்காலைக் கட்டிக்கொண்டு.
எப்போது குனிந்தேன், தெரியாது.

காலையில் ரத்தம் எடுத்தோம்.
எட்டாம் கூண்டின் ஏசிடிஎச்
பக்கத்துக் கூண்டில் பாதிகூட இல்லை.
எதிர்பார்த்ததுதான், கையெழுத்தில் ஒன்று குறைகிறதே.
ஆனால் அட்ரினல் சுரந்த கார்டிகோஸ்டிரோன்
இரண்டிலும் ஒரே உயரம்.
முரசு பாதிதான் ஒலித்தது,
படை முழுதாய்க் கிளம்பியிருக்கிறது.
யார் போய்ச் சொன்னது?
ஹல்மோஷ் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்,
கொஞ்சம் யோசித்து இன்னொன்று போட்டார்,
காப்பி குடிக்கப் போய்விட்டார்.

பதினோராம் நாள் தெஜோ வந்தான்.
சேறு வாடை. குழாயடியில் நின்றபடியே
நான்கு தம்ளர் குடித்தான்.
பூட்சோடு படுத்தவன் கதவு கிறீச்சிட்டதும்
எழுந்து உட்கார்ந்து
"எந்த இடத்தில்?" என்றான்.
எங்கும் இல்லை, தூங்கு என்றேன்.
கண் மூடினான். கை மட்டும் மூடவில்லை,
மூட்டையின் கழுத்தைப் பிடிப்பது போல
போர்வை நுனியைப் பிடித்திருந்தது.

நதி இறங்கிவிட்டது.
மூட்டைகளை அகற்ற யாருக்கும் ஆணை வரவில்லை.
இன்று போகும்போது பார்த்தேன்,
சிலவற்றின் தையலில் புல்.

எட்டாம் கூண்டுக்கு இரண்டு புட்டி வைத்தேன்.
விளக்கை அணைக்குமுன்னே
முதல் புட்டியில்
குமிழி ஏறத் தொடங்கிவிட்டது.